முனியாண்டி கையிலிருந்த ரைபிள்

சன்னாசி போனில் விஷயத்தைச் சொன்னபோது நவமணி ஈப்போ புந்தோங்கில் தன் வீட்டு அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நவம், நம்ம தோட்டத்து முனியாண்டி கையில இருந்துச்சே, அது நெஜத் துப்பாக்கியாம்லா! கோயில வேற எடத்துக்கு மாத்துறதுக்காகக் கொத்தனாரு செலையோட கைய ஒடைச்சாரு. உள்ளே பார்த்தா இரும்பு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒடனே போலீஸ்ல ரிப்போட் குடுத்துட்டேன். நாளைக்குக் காலைல துப்பாக்கி பார்க்கிற ஆபீசர் வாராங்களாம். சும்மா உன் காதுல போட்டு வைக்கலாமேன்னு கூப்பிட்டேன்."

சன்னாசி கோயில் தலைவர். எழுபது வயது, பழைய லாரி டிரைவர், வாயைத் திறந்தால் மூடத் தெரியாத நல்ல மனிதர். சும்மா என்று அவர் சொன்னது உண்மையிலேயே சும்மாதான். அந்தச் செய்தி நவமணிக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்குக் கீரை மறந்துபோனது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே அலமாரிக்குப் போனாள். வீட்டுப் பத்திரம், கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் ஒரே ஒரு கடிதம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அப்பாவு 1949-இல் வேலையில் சேர்ந்தார், 1951-இல் நீக்கப்பட்டார், காரணம்: தன் பொறுப்பில் இருந்த ஜே 4172 என்ற எண்ணுள்ள ரைபிளைத் தொலைத்தது. அவ்வளவுதான் கடிதம். அந்த நான்கு வரியைச் சுமந்துகொண்டு அவளுடைய அப்பா முப்பத்தாறு வருஷம் பால்மரம் வெட்டி வாழ்ந்து, 1987-இல் கண்ணை மூடினார்.

நடந்தது இது. மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் தோட்டங்களைத் தாக்கிக்கொண்டிருந்த சமயம். பீடோருக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லுமேட்டுத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூடத்துக்குக் காவல் அப்பாவு. விடிகாலையில் எட்டுப் பேர் வந்து புகைக்கூடத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அப்பாவு உயிரோடு இருந்தார், துப்பாக்கி இல்லை. "எங்க கையில குடுத்ததே ஒரே ஒரு தோட்டா. மூணு தரம் அழுத்தினேன், வெடிக்கல. அவனுங்க கைக்குப் போயிடக் கூடாதுன்னு கால்வாய்ல வீசிட்டேன்" என்றார். மறுநாள் கால்வாயைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். துப்பாக்கியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அப்புறம் என்ன, ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்? துப்பாக்கியைக் காட்டுக்காரனிடம் கொடுத்து உயிர்ப்பிச்சை வாங்கியவன் என்றார்கள். 'மூணு தரம் அப்பாவு' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நவமணி 'மூணு தரம் மக'. ஆடித் திருவிழாவில் பத்து நாளும் பத்துக் குடும்பத்துக்கு உபயம், ஒருத்தர் விட்டால் இன்னொருத்தர் எடுத்துக்கொள்வார்கள். அப்பாவு குடும்பத்துக்கு மட்டும் எந்த வருஷமும் ஒரு நாள் கிடைத்ததில்லை. காவல் தெய்வத்துக்குக் காவலை விட்டு ஓடினவன் எப்படிப் பொங்கல் வைப்பான் என்று கேட்டார்களாம். நியாயத்தைப் பாருங்கள்.

அந்த முனியாண்டி கையில் இருந்தது மரத்தில் செய்த துப்பாக்கி என்றுதான் தோட்டமே நம்பியிருந்தது. சன்னாசியின் அப்பா பத்துமலைதான் அப்போது பூசாரி. சிலையும் அவர் செய்தது, துப்பாக்கியும் அவர் கைவேலை என்று பேச்சு. மற்ற ஊரில் முனியாண்டி அரிவாளோடு நிற்பார், எங்க சாமி துப்பாக்கியோடு நிற்கிறார் என்று கல்லுமேட்டுக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் மண்டைக்கனம்கூட உண்டு. ஒவ்வொரு ஆடிக்கும் முன்னால் அதற்கு வெள்ளி பெயின்ட் அடிப்பார்கள், அடுக்கடுக்காக ஏறிய பெயின்ட்டில் மரமா இரும்பா என்று தெரியாது. குழல் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைப்பார்கள்.

நவமணிக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. அது அப்பாவின் துப்பாக்கியாக இருந்தால் அவர் சொன்னது உண்மை. எண் வேறாக இருந்தால், அறுபத்தெட்டு வயதில் அவளே தன் அப்பாவைச் சந்தேகப்பட வேண்டியதுதான். இத்தனை வருஷம் அவரை நம்பினாளா என்றால், நம்பினாள். ஆனால் நம்புவதற்கு அவளிடம் அப்பாவின் முகத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை. கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் கல்லுமேட்டில் இறங்கினாள். தோட்டம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது வரிசை வீடுகளுக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் மட்டும் தகரக் கூரையோடு நின்றது. அதற்குப் புது இடம் ரோட்டோரமாகக் கொடுத்திருந்தார்கள். கை உடைந்த முனியாண்டி மீசையை முறுக்கியபடி நின்றார். அவர் காலடியில், பழைய பேனர் துணியின் மேல் வெள்ளி நிறத்தில் நீட்டிக் கிடந்தது அது. போலீஸ் சார்ஜன் ரோஸ்லான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார்.

ஆபீசர் என்றதும் அங்கே கூடியிருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு மீசையை எதிர்பார்த்தார்கள். காரிலிருந்து இறங்கியதோ முப்பத்திரண்டு வயசுப் பெண். பெயர் ரோஷினி. ஈப்போவில் நாலு தலைமுறையாக இருக்கும் செட்டியார் வீட்டுப் பெண், வீட்டில் டாக்டருக்குப் படி என்றார்கள், அவள் துப்பாக்கிக்குப் படித்தாள் என்று பிறகு சன்னாசி துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு இரும்புப் பெட்டி, முழங்கால் வரை பூட்ஸ், தலைமுடி இறுக்கிக் கொண்டை. கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்த ஒன்றிலேயே நவமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ரோஷினி உடனே அதைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள், படுத்துப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பிடித்துப்போன மாப்பிள்ளைக்கு அப்படி மலரும்.

"லீ என்ஃபீல்டு" என்றாள். "மொத உலகச் சண்டைக்குச் செஞ்சது. அசல். இதுல எத்தனையோ பார்த்திருக்கேன், எல்லாம் கண்ணாடிப் பொட்டிக்குள்ள. சாமி கையில இப்பத்தான் பார்க்கிறேன்."

"வெடிக்குமா மிஸ்?" என்று சன்னாசி கேட்டார். அவர் கவலை அவருக்கு. கோயில் தலைவர் பெயரில்தான் எல்லாப் பேப்பரும் இருந்தது.

"குழல் வாயைப் பாருங்க அங்கிள். எழுபது வருசமா எலுமிச்சம்பழம் குத்திக் குத்தி, அந்தப் புளிப்பு இரும்பைத் தின்னு வச்சிருக்கு. இந்தப் பக்கமா வெடிக்காது. ஆனா பின்னாடிப் பக்கம் அடைச்சிருக்கு, உள்ளே தோட்டா இருக்கான்னு தெரியல. நீங்க எல்லாரும் அந்த மாமரத்துக்கு அங்கிட்டுப் போங்க."

எல்லோரும் போனார்கள். நவமணி போகவில்லை. சார்ஜன் கையைக் காட்டினார், அவள் நகரவில்லை. "நான் பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள். அவள் குரலில் இருந்ததை ரோஷினி கவனித்திருக்க வேண்டும். கட்டடத்துக்குக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலைக் காட்டி, அதற்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

குழலை மண்மேட்டைப் பார்த்துத் திருப்பி மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். மெல்லிய பிளேடால், குழலின் பின்புறத்தை அடைக்கும் பூட்டைச் சுற்றியிருந்த பெயின்ட்டைக் கீறி எடுத்தாள். எண்ணெய் விட்டாள். அரைமணி நேரம் காத்திருந்து மறுபடியும் விட்டாள். அவசரமே இல்லை அந்தக் கைகளில். நவமணி கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டியவள், வேலை தெரிந்த கையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இது வேலை தெரிந்த கை. கடைசியில் ரப்பர் சுத்தியால் பூட்டின் பிடியை அடியிலிருந்து இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் அது 'க்ளக்' என்று எழும்பியது.

"எப்பேர்ப்பட்ட வேலை!" ரோஷினி தன்னை மறந்து சொன்னாள். "நூறு வருசம் தாண்டியாச்சு. அதுல எத்தனையோ வருசம் சிமெண்டுல கெடந்திருக்கு. இன்னும் வழுக்கிட்டு வருது பாருங்க."

பூட்டைப் பின்னுக்கு இழுத்தாள். பச்சை பூத்த ஒரு பித்தளைத் தோட்டா அதோடு வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. மேகசினைக் கழற்றினாள், காலி. ஒரே ஒரு தோட்டாதான். அதைத் தனி டப்பாவில் வைத்து, ரைபிள் இனிமேல் யாரையும் ஒன்றும் செய்யாது என்று இரண்டு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டு, மாமரத்தடியைப் பார்த்துக் கையசைத்தாள். சன்னாசியும் மற்றவர்களும் வந்தார்கள். நவமணிதான் முதலில் வந்தாள்.

ரோஷினி பூதக்கண்ணாடியை வைத்துத் தோட்டாவின் அடியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"யாரோ இதைச் சுடப் பார்த்திருக்காங்க."

"சும்மாவா வச்சிருப்பாங்க?" என்றார் சன்னாசி.

"இல்ல அங்கிள், கேளுங்க. விசையை அழுத்தினா உள்ளேருந்து ஊசி வந்து இந்த எடத்துல அடிக்கும். அடிச்சா வெடிக்கணும். இது நாப்பத்திரண்டுல செஞ்ச தோட்டா, ஈரத்துல கெட்டுப்போயிருக்கு, வெடிக்கல. சாதாரண ஆளா இருந்தா அதோட போட்டுட்டு ஓடியிருப்பான். ஆனா இந்த ரைபிள்ல ஒரு சூட்சுமம் இருக்கு. பூட்டைத் தெறக்காமலே பின்னாடி இருக்கிற இந்தக் குமிழைக் கையால இழுத்து நிறுத்தினா, அதே தோட்டாவை மறுபடியும் அடிக்கலாம். ஸ்பிரிங் ரொம்பக் கடினம். பதட்டத்துல வெரலு வழுக்கும்."

தோட்டாவை நவமணி பக்கம் நீட்டி, கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள்.

"குழி ஒண்ணுதான். ஆனா ஓரத்தைப் பாருங்க ஆன்ட்டி. ஊசி கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து விழுந்திருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

நவமணி கண்ணாடிக்கு மேல் குனிந்தாள். மூன்று பிறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடியில் தெரிந்தன. அந்த மூன்றைச் சொல்லித்தான் பிள்ளைகள் அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்கள். அந்த மூன்றைச் சொல்லித்தான் அவளைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பம் திரும்பிப் போனது. சன்னாசி அவள் முகத்தைப் பார்த்தார். சட்டென்று அவருக்கும் உறைத்தது. "அடக் கடவுளே" என்றார்.

ஆனால் நவமணி கைப்பையைத் திறக்கவில்லை. மூன்று அடி விழுந்த தோட்டா இன்னொருத்தன் துப்பாக்கியிலும் இருக்கலாம் இல்லையா? எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி அவளே தனக்குள் வாதாடினாள். நம்பி ஏமாந்தால் தாங்காது.

"இதுல நம்பர் ஏதும் இருக்குமா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லாம இருக்குமா? பூட்டுப் பிடியில ஒண்ணு, குழலோட அடியில ஒண்ணு. பூட்டுல இருந்தது துருவுல போயிடுச்சு. இங்கே பார்க்கலாம்." ரோஷினி குழல் தொடங்கும் இடத்துக்கு வலதுபக்கம் கரைப்பானைத் தடவினாள். மற்ற இடங்களில் பெயின்ட் சுருங்கிச் செதில் செதிலாக வந்தது. அந்த இடத்தில் மட்டும் வரவில்லை. அவள் புருவத்தைச் சுருக்கினாள். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தாள். வெள்ளி பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு தோல் வந்தது.

"இதென்ன?"

நவமணி கிட்டே போய் முகர்ந்தாள். முகர வேண்டியதே இல்லை. "பால்" என்றாள். "ரப்பர் பால். மரத்துல கட்டுற மங்குல வடிஞ்சதை எடுத்துத் தடவிக் காயவச்சா இப்படித்தான் தோலாகும்."

"ஒண்ணு இல்ல, அடுக்கடுக்கா இருக்கு. பெயின்ட், பால், பெயின்ட், பால். இந்த எடத்துல மட்டும். வருசா வருசம் யாரோ பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இந்த எடத்துக்கு மட்டும் பால் பூசியிருக்காங்க. மேலே இருக்கிற பெயின்ட்டுகள்ல பால் இல்ல. பூசின ஆளு ஒரு கட்டத்துல நின்னுட்டாரு போல."

அடிவரைக்கும் உரித்ததும் இரும்பு தெரிந்தது. நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்ததுபோல், துரு ஒரு பொட்டுக்கூட இல்லாமல். ரோஷினி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.

"ஜே" என்றாள். "நாலு. ஒண்ணு..."

நவமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். ரோஷினி கண்ணாடியைத் துடைத்தாள். வேண்டுமென்றா துடைத்தாள், பாவம். ஆனால் அந்த இரண்டு நொடியில் நவமணிக்கு உயிர் போய்வந்தது.

"ஏழு. ரெண்டு."

கைப்பை ஜிப் சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துத் திறந்தாள். உறையோடு கடிதத்தை ரோஷினியிடம் கொடுத்து, புகைக்கூடத்தில் நடந்ததையும் ஊர் சொன்னதையும் இரண்டே வரியில் சொன்னாள். ரோஷினி படித்தாள், ரைபிளைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். எழுந்து நின்று இரண்டு கையாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இது உங்க அப்பாவோட ரைபிள். அவரு ஓடல. ஆளுங்க எதிர்ல வர்றப்ப, வெடிக்காத ஒரு தோட்டாவை வச்சுக்கிட்டு, நின்ன எடத்துல நின்னு மூணு தடவ முயற்சி பண்ணியிருக்காரு. இதை நான் எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் சொல்வேன்."

கூடியிருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள். இன்னொருவர் முனியாண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். நவமணி சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். அப்பா என்று ஒரு தரம் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். இந்த ஊரில் அந்தச் சொல்லை அவள் உரக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சன்னாசி மட்டும் கைதட்டவில்லை. அவர் அந்தப் பால் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா இதைக் கால்வாயிலேருந்து எடுத்தது எங்கப்பாதான்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "தேடுறதுக்கு முன்னாடியே எடுத்திருக்காரு. திருப்பிக் குடுக்கணும்னுதான் எடுத்திருப்பாரு, எங்கப்பா கெட்டவரு இல்ல. அதுக்குள்ள துரையும் சோல்ஜர்களும் வந்து, எவன் வீட்டுல துப்பாக்கி இருந்தாலும் தூக்குன்னு கத்தியிருக்காங்க. அந்தக் காலத்துல சும்மா சொல்ல மாட்டாங்க, தூக்குவாங்க. பயந்துட்டாரு. பயந்து, கொண்டாந்து சாமி கையில குடுத்து சிமெண்டு பூசிட்டாரு."

அவர் குனிந்து அந்தத் தோலைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பால்..." சன்னாசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்பத்தேழுக்கு அப்புறம் பெயின்ட் அடிச்சது நான். நான் பால் எதுவும் பூசல. அதுக்கு முன்னாடி வருசா வருசம் அடிச்சது உங்கப்பாதான், நவம். உபயம் குடுக்காட்டியும் இந்த வேலைய மட்டும் அவரு விட்டுக்குடுக்கவே மாட்டாரு. எங்கப்பா டின்னை எடுத்து அவரு கையில குடுத்துட்டு, மூஞ்சியப் பாக்காம வெளிய போயிடுவாரு. நான் சின்னப் பையன், என்னவோ சண்டைன்னு நெனச்சேன்."

நவமணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் வந்தது பெருமை இல்லை, கோபம். அப்பாவுக்குத் தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும். தன் கையோடு இருந்த துப்பாக்கி அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? கையை நீட்டி 'அதோ' என்று காட்டியிருந்தால் போதும், அன்றைக்கே அவர் பெயர் தப்பியிருக்கும். பத்துமலை தூக்கில் தொங்கியிருப்பார். பயந்துபோன ஒரு பூசாரியின் உயிருக்குத் தன் மானத்தை விலையாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆடிக்கும் அந்த எண்ணைத் தன் கையாலேயே மூடியிருக்கிறார் மனுஷன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல!" என்று வெடித்தாள். "அவசரகாலந்தான் அறுபதுல முடிஞ்சு போச்சே! அதுக்கப்புறமாவது ஒரு வார்த்தை! அம்மாகிட்டகூட சொல்லலியே அண்ணே. அது கண்ணீரோடயே போச்சு."

"துப்பாக்கி வச்சிருந்தா எப்பவும் குத்தந்தானே நவம். எங்கப்பா தொண்ணூத்தொண்ணு வரைக்கும் உசுரோட இருந்தாரு. உங்கப்பா அவருக்கு முந்திக்கிட்டாரு." சன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சொல்றதுக்கு எங்கப்பா அவருக்கு வழியே விடல."

ரோஷினி நவமணி பக்கத்தில் வந்தாள். இப்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டுமா. நம்பரை மறைக்கிறவங்களை நான் நெறையப் பார்த்திருக்கேன், அதுதான் என் வேலையே. அழிக்கணும்னு நெனச்சா ஒரு அரம் போதும், பத்து நிமிசத்துல ராவி எடுத்துரலாம். இவரு ராவல. பால் பூசியிருக்காரு. பாலு உரிச்சா வந்துரும்னு பால்மரம் வெட்டுற ஆளுக்குத் தெரியாதா? அந்தப் பூசாரி இருக்கிற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாது. ஆனா என்னைக்காவது ஒருத்தர் படிக்கணும். துருப்பிடிக்காம பாத்துக்கிட்டதும் அந்தப் பால்தான். வேற எந்த எழுத்தும் இதுல மிஞ்சல."

நவமணி ரைபிளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். ரோஷினி ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துக் கொடுத்தாள். ஆயுள் முழுக்க அடுத்தவர் கைக்குக் கையுறை செய்தவள் அதை மாட்டிக்கொண்டு, அந்த நான்கு எண்களின் மேல் விரலை வைத்தாள். பெயின்ட் உரிந்த இடத்தில் மரம் தேன் நிறத்தில் பளபளத்தது. அடிக்கட்டையின் பித்தளைத் தகடு தேய்ந்திருந்தது. அப்பாவின் தோளில் பட்டுத் தேய்ந்ததோ, அவருக்கு முன்னால் எந்த வெள்ளைக்காரன் தோளில் பட்டதோ. அழகான பொருள்தான் என்று அவளுக்கும் தோன்றியது. அதைவிட அழகாக அப்பா தோன்றினார். இத்தனை பெரிய மனுஷனுக்கு மகளாக இருந்துவிட்டு, அது தெரியாமலே அவருக்குச் சோறு போட்டிருக்கிறோமே என்று அந்த எண்களை மறுபடியும் தடவினாள்.

சன்னாசி அவளுக்கு எதிரே வந்து நின்றார். "நவம், இந்த ஆடி மொத நாள் உபயம் உங்க குடும்பத்துக்குத்தான். எவனாவது ஏதாவது பேசட்டும், நான் பாத்துக்கிறேன்."

"அதைப் பெறகு பேசலாம்ணே" என்றாள் நவமணி. "மொதல்ல போலீஸ்ல உங்கப்பா பேரைச் சொல்லப் போறீங்களா, இல்லியா? அதைச் சொல்லுங்க."

அவர் ஒரு கணம் முனியாண்டியைப் பார்த்தார். "சொல்லப் போறேன்" என்றார். "செத்த மனுசனை யாரு என்ன செய்வாங்க? பேரு கெடும். கெடட்டும். உங்கப்பன் பேரு எத்தனை வருசம் கெட்டுச்சு."

அப்படியே சொன்னார். சார்ஜன் ரோஸ்லான் மேசை போட்டு உட்கார்ந்து எழுத, மலாயில் ஒன்றும் விடாமல், கூடியிருந்தவர்கள் கேட்க, தன் அப்பா எடுத்ததையும் மறைத்ததையும் இன்னொருத்தர் தலையில் பழி விழப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு தரம் தண்ணீர் குடித்தார். நவமணிக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இரண்டாவது தம்ளரோடு போய்விட்டது.

அடுத்து அவள் முறை. சார்ஜன் கேட்பதை ரோஷினி தமிழில் கேட்டாள், இவள் சொல்வதை மலாயில் சொன்னாள். பெயர், அடையாள அட்டை, அப்பாவின் பெயர், ரைபிளின் எண். எல்லாம் சரியாகப் போனது. சார்ஜன் பக்கத்தைத் திருப்பினார்.

"உங்க அப்பா காவல் வேலையில இருந்தது எந்த வருசத்துலேருந்து எந்த வருசம் வரைக்கும் ஆன்ட்டி?"

"நாப்பத்தொம்பதுலேருந்து" என்றாள் நவமணி. கொஞ்சம் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எண்பத்தேழு வரைக்கும்."

ரோஷினி அதை அப்படியே மலாயில் சொன்னாள். சார்ஜன் பேனாவை நிறுத்தினார். மேசைமேல் இருந்த கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, ஐம்பத்தொன்று என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"எண்பத்தேழுதான் துவான்" என்று சார்ஜனிடம் சொன்னார் பின்னால் நின்ற சன்னாசி. "எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

சார்ஜன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார்.